ஒரு நாளின் சான்று, ஐந்தாண்டுப் பதிவு

கார்லைல் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கும் பராமரிப்பாளர், பத்து மைல் வடக்கே கிரெட்னாவில் அதே வேலையில் சேர்ந்தால் அவருடைய அன்றாடப் பணியில் எந்த மாற்றமும் இராது. காலையில் முதியவரைக் குளிக்க வைப்பது, வேளைக்கு மாத்திரை கொடுப்பது, தோள்கொடுத்து நடத்திச் செல்வது எல்லாம் ஒன்றுதான். ஆனால் இடையில் இங்கிலாந்து முடிந்து ஸ்காட்லாந்து தொடங்கிவிடுகிறது. அதோடு, அவரை நம்பலாமா என்று அரசு விசாரிக்கும் முறையும் மாறிவிடுகிறது. தெற்கே டிபிஎஸ் (வெளிப்படுத்தல், தடைச் சேவை) சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள். வடக்கே பிவிஜி (பாதிக்கப்படக்கூடிய பிரிவினர் பாதுகாப்பு) திட்டத்தில் உறுப்பினரா என்று கேட்பார்கள். முன்னது விண்ணப்பதாரர் கையில் இருக்கும் தாள். பின்னது விண்ணப்பதாரரின் பெயர் இருக்கும் பதிவேடு.

ஒரே முடியாட்சியின் கீழ், ஒரே நோக்கத்துக்காக, ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்த இரண்டு ஏற்பாடுகள் இவை. குழந்தைகளோடும் முதியோரோடும் நோயாளிகளோடும் பழகும் வேலைக்கு வருபவர்களையும் தன்னார்வலர்களையும் சோதிப்பதே இரண்டின் பணி. மேலோட்டமாகப் பார்த்தால், இங்கிலாந்தும் வேல்ஸும் எளிய வழியைத் தேர்ந்தெடுத்தன, ஸ்காட்லாந்து கடுமையான வழியைத் தேர்ந்தெடுத்தது என்றே தோன்றும். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் அந்தத் தோற்றம் நிலைப்பதில்லை. கடுமையானது என்று நாம் நினைப்பது சில இடங்களில் அதிகம் இரங்குகிறது. எளியது என்று நினைப்பது சில இடங்களில் பிடிவாதமாக நிற்கிறது.

இரண்டு துயரங்கள், ஒரு கேள்வி

பிறப்பிலிருந்தே தொடங்குவோம். இரண்டுக்கும் சட்ட வேர் ஒன்றுதான்: 1997-ஆம் ஆண்டின் காவல்துறைச் சட்டத்தின் ஐந்தாம் பகுதி. அந்த வேரிலிருந்து 2002-இல் இரண்டு அலுவலகங்கள் முளைத்தன. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் குற்றப்பதிவு அலுவலகம். ஸ்காட்லாந்துக்கு டிஸ்குளோஷர் ஸ்காட்லாந்து. முதலாவது 2012 டிசம்பரில் இன்னொரு ஆணையத்தோடு இணைக்கப்பட்டு டிபிஎஸ் ஆனது. இரண்டாவது அதே பெயரில் தொடர்கிறது.

இன்றைய ஏற்பாடுகளுக்குப் பின்னால் இருப்பவை இரண்டு கொடுந்துயரங்கள். ஸ்காட்லாந்துக்கு அது டன்பிளேன். 1996 மார்ச் 13 அன்று அங்கிருந்த தொடக்கப்பள்ளியில் புகுந்த ஒருவன் 16 குழந்தைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். இங்கிலாந்துக்கு அது சோஹம். 2002 ஆகஸ்ட்டில் அங்கே பத்து வயதுச் சிறுமிகள் இருவரை உள்ளூர்ப் பள்ளியின் பராமரிப்பு ஊழியர் கொன்றார். முதலாவது துப்பாக்கிச் சட்டத்தை மாற்றிய நிகழ்வாகவும் இரண்டாவது ஆள்சேர்ப்புச் சோதனையை மாற்றிய நிகழ்வாகவும் நினைவில் நிற்கின்றன. இந்தப் பிரிவினை பாதிதான் சரி. டன்பிளேன் கொலையாளி பல ஆண்டுகள் சிறுவர் மன்றங்களை நடத்தியவன். 1974-லேயே சாரணர் இயக்கம் அவனுடைய தலைவர் பொறுப்பைப் பறித்திருந்தது. ஆகவே கல்லன் பிரபு தலைமையிலான விசாரணை துப்பாக்கியோடு நின்றுவிடவில்லை. சிறுவர் மன்றங்களை ஒரு தேசிய அமைப்பின் அங்கீகாரத்துக்குக் கீழ் கொண்டுவந்து, அவற்றை நடத்துபவர்களின் தகுதியைச் சோதிக்க வேண்டும் என்றும் 1996 அறிக்கை பரிந்துரைத்தது.

இரண்டு துயரங்களையும் இணைக்கும் இழை ஒன்று உண்டு. டன்பிளேனில் துப்பாக்கி தூக்கியவன் மீது அதற்கு முன் தண்டனை எதுவும் இல்லை. சோஹம் ஊழியர் மீது இளம்பெண்கள் தொடர்பான பல புகார்கள் ஹம்பர்சைட் காவல்துறைக்கு வந்திருந்தன. அவற்றில் ஒன்றுகூடத் தண்டனையில் முடியவில்லை. அதாவது, "தண்டனை பெற்றவரா?" என்ற ஒற்றைக் கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் இருவருமே சோதனையில் தேறியிருப்பார்கள். குற்றப்பதிவுச் சோதனை என்று நாம் அழைக்கும் இந்த ஏற்பாடு, அத்தகைய தண்டனை எதுவும் பெற்றிராத இருவரால் உருப்பெற்றது. இரண்டு நாடுகளும் பிற்காலத்தில் சந்தித்த வழக்குகள் பல இந்த முரணிலிருந்து கிளைத்தவை.

ஒருவர் எழுதிய மருந்துச்சீட்டு

சோஹம் பற்றி விசாரித்த சர் மைக்கேல் பிச்சார்ட் 2004 ஜூனில் அறிக்கை தந்தார். குழந்தைகளோடும் பாதுகாப்பு தேவைப்படும் பெரியவர்களோடும் வேலை செய்ய விரும்புபவர்கள் அனைவரும் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும், தகுதி இழந்தால் அதிலிருந்து நீக்கப்பட வேண்டும் என்பது அவருடைய முக்கியமான பரிந்துரைகளுள் ஒன்று. ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிவைக்கும் சோதனை போதாது என்பதே அதன் உட்பொருள்.

இங்கிலாந்து அதை ஏற்று 2006-இல் சட்டம் இயற்றியது; ஸ்காட்லாந்து 2007-இல் இயற்றியது. இதுவரை இரட்டையர்கள் கைகோத்தே நடக்கிறார்கள். அடுத்த வளைவில்தான் பாதை பிரிகிறது.

இங்கிலாந்தின் திட்டம் 1 கோடியே 10 லட்சம் பேரைப் பதிவேட்டில் கொண்டுவரும் என்று முதலில் கணக்கிடப்பட்டது. எதிர்ப்பு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. பள்ளிகளுக்குச் சென்று கதை பேசும் குழந்தை எழுத்தாளர்களும் பதிவு செய்ய வேண்டும் என்றபோது, பிலிப் புல்மன் உள்ளிட்ட சிலர் 2009-இல் வெளிப்படையாகவே மறுத்தார்கள். கூட்டத்தின் நடுவே ஆசிரியர்கள் முன்னிலையில் பேசிவிட்டு வரும் ஒருவரைச் சந்தேகப்படுவதற்கு என்ன நியாயம் என்பது அவர்களுடைய கேள்வி. எண்ணிக்கை 90 லட்சமாகக் குறைக்கப்பட்டும் அரசியல் காற்று திரும்பவில்லை. புதிதாக வந்த கூட்டணி அரசு 2010 ஜூனில், பதிவு தொடங்க இருந்த தறுவாயில், திட்டத்தை நிறுத்தியது. 2012-ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் பதிவேட்டை அடியோடு நீக்கிவிட்டு, இத்தகைய வேலைகளில் சேரவே கூடாதவர்களின் தடைப்பட்டியல்களை மட்டும் வைத்துக்கொண்டது.

ஸ்காட்லாந்து அதே பதிவேட்டை 2011 பிப்ரவரி 28 அன்று திறந்தது. சேர்வதற்கு 59 பவுண்டு. தகுதி பெற்ற தொண்டு நிறுவனங்களின் தன்னார்வலர்களுக்குக் கட்டணம் இல்லை. பெரிய எதிர்ப்பு எதுவும் கிளம்பவில்லை. ஆக, இங்கிலாந்தின் துயரத்துக்காக இங்கிலாந்தில் எழுதப்பட்ட மருந்துச்சீட்டை இங்கிலாந்து கிழித்துப்போட, ஸ்காட்லாந்து வாங்கிக் குடித்தது. பிவிஜி முழுக்கவும் ஸ்காட்லாந்தின் பிள்ளை என்று நினைப்பவர்கள் அதன் பிறப்புச் சான்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

தாளின் ஆயுளும் பெயரின் ஆயுளும்

டிபிஎஸ் சான்றிதழில் காலாவதித் தேதி கிடையாது. அது அச்சான நாளில் காவல்துறைக் கணினியிலும் தடைப்பட்டியலிலும் என்ன இருந்ததோ அதை மட்டும் சொல்லும். மறுநாள் நடப்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதிய சான்றிதழ் கேட்கும் நிறுவனங்கள் ஏராளம். அது பெரும்பாலும் வழக்கமே தவிர, எல்லோருக்குமான சட்டம் அல்ல. பிவிஜி உறுப்பினரின் நிலை வேறு. சேர்ந்த நாள் முதல் அவருடைய பெயர் தொடர்ச்சியான கண்காணிப்பில் இருக்கும். புதிய தகவல் வந்தால் டிஸ்குளோஷர் ஸ்காட்லாந்து தானே அதைப் பரிசீலிக்கும். அவரைத் தடைப்பட்டியலில் சேர்ப்பது பற்றி ஆராயத் தொடங்கினால் வேலை கொடுத்தவருக்கும் தெரிவிக்கும்.

இங்கே ஒப்பீடு முடிந்துவிட்டால் தீர்ப்பு எளிது: பதிவேடு பாதுகாப்பானது, தாள் பலவீனமானது. ஆனால் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. இங்கிலாந்து 2013 ஜூனில் புதுப்பிப்புச் சேவை ஒன்றைத் தொடங்கியது. ஆண்டுக் கட்டணம் செலுத்தி அதில் சேரும் ஊழியரின் சான்றிதழ் இன்னும் செல்லுமா என்று நிறுவனங்கள் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். தன்னார்வலர்களுக்கு அதுவும் இலவசம். கூர்ந்து பார்த்தால் இது விருப்பப்பட்டவர்களுக்கான ஒரு பதிவேடுதான். 2010-இல் வாசல் வழியாக வெளியேற்றப்பட்டது, 2013-இல் சன்னல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. ஒரே ஒரு பெரிய குறை: சேவை யாரையும் தேடிப்போய் எச்சரிப்பதில்லை. நிறுவனம் நினைவு வைத்துக்கொண்டு தானே உள்நுழைந்து பார்க்க வேண்டும்.

ஸ்காட்லாந்து எதிர்த்திசையில் நகர்ந்தது. பிவிஜி உறுப்பினர் தகுதி தொடக்கத்தில் வாழ்நாள் முழுவதற்குமானது. இதன் விளைவு ஒன்று போகப் போகத் தெரியவந்தது. இளமையில் ஒரு கோடை முகாமில் உதவியவர், பிறகு வங்கி வேலைக்குப் போய்விட்டாலும் பதிவேட்டில் நீடித்தார். குழந்தைகளோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களையும் அரசு ஆண்டுக்கணக்கில் கண்காணித்துக்கொண்டிருந்தது. 2020-ஆம் ஆண்டின் டிஸ்குளோஷர் ஸ்காட்லாந்து சட்டம் இதைத் திருத்தியது. 2025 ஏப்ரல் 1 முதல் உறுப்பினர் தகுதிக்கு ஆயுள் 5 ஆண்டு. தேவைப்படுபவர் புதுப்பித்துக்கொள்வார், தேவையற்றவர் விலகிவிடுவார். அதே சட்டம், குறிப்பிட்ட பொறுப்புகளில் இருப்பவர்களுக்கு உறுப்பினர் தகுதியைக் கட்டாயமாக்கவும் செய்தது. அதுவரை நடைமுறையில் எல்லோரும் கேட்டார்கள் என்றாலும், சட்டப்படி அது கட்டாயமாக இருக்கவில்லை.

தாள் பதிவேட்டைப் போலவும் பதிவேடு தாளைப் போலவும் மாறிவருகின்றன. தாளுக்குத் தொடர்ச்சி தேவைப்பட்டது. பதிவேட்டுக்கு எல்லை தேவைப்பட்டது.

தண்டனையாகாத தகவல்

இனி அந்த முரணுக்கு வருவோம். தண்டனை பெறாத ஆபத்தான ஆளைத் தடுக்க வேண்டுமானால், தண்டனை அல்லாத தகவலையும் சோதனை சொல்லியாக வேண்டும். இரண்டு நாடுகளும் சொல்கின்றன. தெற்கே டிபிஎஸ்ஸின் விரிவான வகையான மேம்பட்ட சான்றிதழில், காவல்துறைத் தலைமை அதிகாரி பொருத்தமானது என்று நியாயமாக நம்புகிற தகவல் இடம்பெறலாம். வடக்கேயும் காவல்துறை அதே அளவுகோலை வைத்துத் தகவல் தருகிறது. புகார், கைது, விடுதலையில் முடிந்த வழக்கு எதுவானாலும் இதில் வரக்கூடும்.

இதன் கூர்முனை எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்குப் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பார்த்த இரண்டு வழக்குகளே சாட்சி. 2009-இல் வந்த வழக்கில் மனுதாரர் பள்ளியொன்றில் மதிய உணவு நேர மேற்பார்வை உதவியாளர். அவர்மீது தண்டனை கிடையாது. ஆனால் அவருடைய மகன் ஒரு காலத்தில் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் இருந்தான், மகனை அவர் சரியாகக் கவனிக்கவில்லை என்ற குறிப்பு சான்றிதழில் ஏறியது; வேலை போனது. நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தாலும், வெளியிடுவதே இயல்பு என்ற சாய்வோடு காவல்துறை முடிவெடுக்கக் கூடாது, இருபக்கமும் சமமாக நிறுக்கப்பட வேண்டும் என்று வரையறுத்தது. 2018-இல் வந்த வழக்கில் மனுதாரர் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டவர். அந்த வழக்கு நடந்தது என்ற செய்தியே அவருடைய சான்றிதழில் அச்சானது. நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. கூடவே, விடுதலைத் தீர்ப்பைப் பற்றிய இத்தகைய குறிப்பை வேலை கொடுப்பவர் எப்படி எடைபோட வேண்டும் என்பதற்குச் சரியான வழிகாட்டுதல் இல்லையே என்ற கவலையையும் பதிவு செய்தது.

இந்த இடத்தில்தான் இரண்டு ஏற்பாடுகளின் குணம் தனித்தனியே தெரிகிறது. இங்கிலாந்தில் சான்றிதழ் 2013 முதல் விண்ணப்பதாரருக்கு மட்டுமே அனுப்பப்படுகிறது. அதில் காவல்துறை சேர்த்த தகவல் தவறு என்றால் சுயேச்சையான கண்காணிப்பாளரிடம் முறையிடலாம். ஸ்காட்லாந்தின் புதிய சட்டம் ஒரு படி முன்னால் போய் நிற்கிறது. அத்தகைய தகவலைச் சேர்ப்பதற்கு முன்பே உரியவருக்குச் சொல்லி, அவர் தரப்பைக் கேட்க வேண்டும். தெற்கே எழுதிய பிறகு கேட்கும் வாய்ப்பு அதிகம். வடக்கே எழுதுவதற்கு முன்பே கேட்பது விதி.

ஒரு பாக்கெட் நகமும் ஒரு சாண்ட்விச்சும்

பழைய, சிறிய தவறுகளுக்கு வருவோம். 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கில் இரண்டு மனுதாரர்கள். ஒருவர் 11 வயதில் இரண்டு சைக்கிள் திருட்டுக்காகக் காவல்துறையிடம் எச்சரிக்கை பெற்றவர். 17 வயதில் கால்பந்து மன்றம் ஒன்றில் பகுதிநேர வேலைக்குப் போனபோது அந்த எச்சரிக்கை கூடவே வந்து நின்றது. மற்றவர் ஒரு பெண். 2001-இல் கடையொன்றில் ஒட்டுநகப் பாக்கெட் ஒன்றை எடுத்ததற்காக எச்சரிக்கை பெற்றவர். எட்டு ஆண்டு கழித்துப் பராமரிப்பு வேலைக்கான பயிற்சியை முடித்தபோது, அந்த நகப் பாக்கெட்டைக் காரணம் காட்டி அவரை எங்கும் பரிந்துரைக்க இயலாது என்று பயிற்சி நிறுவனம் கைவிரித்தது. எல்லாவற்றையும் எல்லாக் காலத்துக்கும் வெளியிடும் ஏற்பாடு தனிவாழ்வு உரிமையை மீறுகிறது என்றது நீதிமன்றம்.

இந்த வழக்கின் கீழ்நிலைத் தீர்ப்பு வந்தவுடனேயே, 2013 மே மாதத்தில் இங்கிலாந்து பழைய சிறு குற்றங்களுக்கு ஒரு வடிகட்டியைப் பொருத்தியது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் அதிர்வு எல்லை தாண்டி வடக்கேயும் போனது. ஸ்காட்லாந்து 2015 செப்டம்பரில் தன் விதிகளை மாற்றியது. இங்கிலாந்துக் கடையொன்றின் நகப் பாக்கெட் எடின்பரோவின் சட்டத்தையும் திருத்தியிருக்கிறது என்றால், இந்த இரண்டு ஏற்பாடுகளும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பது விளங்கும்.

ஆனால் மருந்து ஒன்றல்ல. இங்கிலாந்தின் வடிகட்டி கணக்கால் இயங்குவது. இத்தனை ஆண்டு கழிந்ததா, குற்றம் வடிகட்டக்கூடாதவற்றின் பட்டியலில் இல்லையா, சிறை இல்லையா என்று பார்க்கும்; ஆளைப் பார்க்காது. தொடக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தண்டனை இருந்தால் எதுவும் வடிகட்டப்படாது என்ற விதியும் இருந்தது. அதில் சிக்கியவர், நோயும் வறுமையும் சேர்ந்து வாட்டிய நாட்களில் ஒரு சாண்ட்விச்சையும் பிறகு 99 பென்ஸ் விலையுள்ள ஒரு புத்தகத்தையும் திருடிய பெண். பள்ளியில் உதவி ஆசிரியராக விரும்பிய அவருக்கு அந்த எண்ணிக்கையே முட்டுக்கட்டை ஆனது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்க, 2020 நவம்பரில் அது நீக்கப்பட்டது. சிறார் பருவ எச்சரிக்கைகளும் அதோடு தாமாக வெளிவருவது நின்றது.

ஸ்காட்லாந்தும் பட்டியல் வைத்தது. கூடவே ஒரு வாசலையும் வைத்தது. பட்டியலில் உள்ள ஒரு வகைக் குற்றம் பழையதாகிவிட்டால், வேலை கொடுப்பவர் பார்க்கும் முன்பே அதை நீக்கச் சொல்லி ஷெரிஃபிடம், அதாவது உள்ளூர் நீதிபதியிடம், விண்ணப்பிக்கலாம் என்றது 2015 ஏற்பாடு. அப்போதும் எல்லோருக்கும் வாசல் திறக்கவில்லை. 14 வயதில் சிறார் விசாரணைக் குழு முன் ஒப்புக்கொண்ட செயல் ஒன்று இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் கழிந்தும் ஒருவரைத் தொடர்ந்தது. அவருக்கு எந்த மறுபரிசீலனையும் இல்லாதது உரிமை மீறல் என்று 2017-இல் ஸ்காட்லாந்தின் செஷன் நீதிமன்றம் சொல்ல, மறு ஆண்டே சட்டம் திருந்தியது. இப்போது விண்ணப்பம் முதலில் டிஸ்குளோஷர் ஸ்காட்லாந்துக்கும், அங்கே மறுக்கப்பட்டால் சுயேச்சையான மீளாய்வாளருக்கும் போகிறது.

சிறார் பருவத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. குற்றப்பொறுப்பு இங்கிலாந்தில் 10 வயதில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தில் 12 வயதில். 2025 முதல் ஸ்காட்லாந்தில் 18 வயதுக்கு முன் பெற்ற எந்தத் தண்டனையும் தானாக வெளியாவதில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, இந்த வேலைக்கு இது பொருந்துமா என்று ஓர் அதிகாரி எண்ணிப்பார்த்தாக வேண்டும். இங்கிலாந்தில் பட்டியலிலுள்ள கடும் குற்றத்துக்கு 15 வயதில் பெற்ற தண்டனையும் 50 வயதில் அப்படியே அச்சாகும்.

ஆகவே முதலில் சொன்ன தோற்றம் இங்கே தலைகீழாகிறது. ஓயாமல் கண்காணிக்கும் ஸ்காட்லாந்து அதிகம் செவிகொடுக்கிறது. ஒரு நாள் மட்டும் பார்க்கும் இங்கிலாந்து கணக்கோடு நின்றுவிடுகிறது. இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பும் அரசு, பார்க்கப்பட்டவரின் பேச்சைக் கேளாமலே காலம் தள்ளலாம். ஆண்டுக்கணக்கில் ஒருவரைத் தன் ஏட்டில் வைத்திருக்கும் அரசால் அது முடியாது; அவரோடு அது ஓர் உறவுக்குள் வந்துவிட்டது. தடைப்பட்டியலுக்கு எதிரான மேல்முறையீடு தெற்கே மேல் தீர்ப்பாயத்துக்கும் வடக்கே ஷெரிஃப் நீதிமன்றத்துக்கும் போவதுகூட இந்தக் குணத்துக்கு ஒத்தே இருக்கிறது: முன்னது தொலைவிலுள்ள சிறப்பு மன்றம், பின்னது மாவட்டத்து நீதிமன்றம்.

யார் கேட்கலாம்?

இங்கிலாந்தில் மேம்பட்ட சோதனையை ஒரு நிறுவனம்தான் கேட்க முடியும் என்பது நெடுநாள் விதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து பியானோ சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் தன்னைப் பற்றித் தானே அப்படி ஒரு சான்றிதழ் வாங்கிப் பெற்றோரிடம் காட்ட வழியில்லாமல் இருந்தது. ஸ்காட்லாந்தில் அதே ஆசிரியர் பிவிஜியில் சேர்ந்து, உறுப்பினர் என்பதற்கான அறிக்கையைக் காட்டலாம். பதிவேடு ஆளுக்கு உரியது, சான்றிதழ் பணியிடத்துக்கு உரியது என்ற அடிப்படை வேறுபாடு, பெற்றோரின் வரவேற்பறையில்தான் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

தன்னார்வலர் விஷயத்தில் இருவரும் ஒரே மனம். இரண்டு பக்கமும் கட்டணம் இல்லை. மேம்பட்ட சான்றிதழுக்கு 2024 டிசம்பர் முதல் 49.50 பவுண்டு என்ற நிலையில் இது சிறிய சலுகை அல்ல. ஆனால் 2012-க்குப் பிறகு இங்கிலாந்து ஒரு கோடு போட்டது: தொடர்ந்து மேற்பார்வையில் இருக்கும் தன்னார்வலர் கட்டுப்பாட்டுக்குரிய பணியில் இருப்பதாகக் கொள்ளப்படமாட்டார். வகுப்பில் ஆசிரியை அருகிலிருக்க, பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டும் பாட்டிக்குத் தடைப்பட்டியல் சோதனை கேட்கப்படுவதில்லை. புல்மன் எழுப்பிய கேள்விக்குக் கிடைத்த பதில் என்று இதைக் கொள்ளலாம்.

இருவரும் காணாதவை

இதுவரை பார்த்த வேறுபாடுகள் எல்லாம் கடற்கரையோடு நின்றுவிடுகின்றன. வெளிநாட்டில் பதிவான குற்றம் பொதுவாக இரண்டின் கண்ணிலும் படாது. லண்டனில் வாரக்கடைசித் தமிழ்ப்பள்ளியில் கற்பிக்கும் தன்னார்வலருக்கும், கிளாஸ்கோ மருத்துவமனையில் சேரும் மதுரை செவிலியருக்கும் இது நேரடியாகத் தொடர்புடையது. அவர்கள் இந்தியாவில் கழித்த ஆண்டுகளைப் பற்றி டிபிஎஸ் தாளும் பேசாது, பிவிஜி ஏடும் பேசாது. அதற்காகத்தான் உடல்நல, பராமரிப்புப் பணி விசாவுக்கு, கடந்த பத்தாண்டில் 12 மாதமோ அதற்கு மேலோ தங்கிய நாடுகளிலிருந்து காவல்துறைச் சான்று கேட்கிறார்கள். பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கும் அந்தச் சான்றும் ஒரு நாளின் சான்றுதான்.

இன்னொரு குருட்டுப் புள்ளி பெயர். சோஹம் ஊழியருக்கு இரண்டு குடும்பப்பெயர்கள் இருந்தன. தேசியக் கணினியில் ஒரு பெயரைத்தான் தேடினார்கள் என்பது பிச்சார்ட் கண்டறிந்த பிழைகளுள் ஒன்று. அதனால்தான் இன்று படிவங்கள் இதுவரை வழங்கிய எல்லாப் பெயர்களையும் கேட்கின்றன. தமிழ் விண்ணப்பதாரர்கள் அந்தக் கட்டத்தின் முன் சற்றுத் தயங்குவது இயல்பு. பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்து, பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் அப்பாவின் முழுப்பெயர், திருமணத்துக்குப் பின் வங்கிக் கணக்கில் கணவர் பெயர் என்று ஒருவருக்கே மூன்று வடிவங்கள் இருக்கும். ஒன்றையும் விடாமல் எழுதுவதுதான் விண்ணப்பம் தடைபடாமல் இருக்க வழி.

மூன்றாவது குறை இருவருக்கும் பொதுவானது, மிகப் பெரியதும் அதுதான். ஒருவர் தீங்கு செய்ததால் அவரை வேலையிலிருந்து நீக்கும் நிறுவனம் அதை டிபிஎஸ்ஸுக்கோ டிஸ்குளோஷர் ஸ்காட்லாந்துக்கோ தெரிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டது, தெரிவிக்காதது குற்றம். ஆனால் ஊர்வாய்க்கு அஞ்சி, ராஜினாமாவை வாங்கிக்கொண்டு கமுக்கமாக அனுப்பிவிடும் நிறுவனத்தின் மௌனத்தை எந்தக் கணினியும் வாசிப்பதில்லை. சொல்லப்படாத தகவல் தாளிலும் ஏறாது, ஏட்டிலும் ஏறாது.

தராசை நிறுத்தும்போது

எது மேல் என்ற கேள்விக்கு, எதைக் கண்டு அதிகம் அஞ்சுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும். சோதனைக்குப் பிறகு நடக்கும் தவறை அஞ்சினால் பிவிஜி மேல். இங்கிலாந்தில் கவனமுள்ள நிறுவனமும் புதுப்பிப்புச் சேவையை நினைவு வைத்துத் தேடிப் பார்த்தால்தான் ஏதாவது தெரியவரும். அரசு நம்மைப் பற்றி ஏடு வைத்திருப்பதை அஞ்சினால் டிபிஎஸ் மேல். கேட்டபோது மட்டும் திறக்கும் கோப்பு அது. ஒரு பாக்கெட் நகத்துக்காக வாழ்நாள் முழுவதும் வாசலில் நிறுத்தப்படுவதை அஞ்சினால், இன்றைய நிலையில் ஸ்காட்லாந்தின் பக்கமே தட்டு தாழ்கிறது. இங்கிலாந்து இரவல் வாங்கத் தக்கது, எழுதுவதற்கு முன் கேட்கும் அந்த வழக்கம். அதைப் பெறப் பதிவேடு தேவையில்லை. ஸ்காட்லாந்து ஏற்கெனவே கற்றுக்கொண்ட பாடம், கண்காணிப்புக்கு முடிவுத் தேதி வேண்டும் என்பது.

இரண்டு தரப்பும் விவாதித்ததெல்லாம் பிச்சார்டின் பதிவேட்டுப் பரிந்துரையைச் சுற்றியே. அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு. சோஹம் பள்ளி அந்த ஊழியரைச் சேர்த்தபோது, யாருக்கென்று குறிப்பிடாமல் எழுதப்பட்ட பொதுப் பரிந்துரைக் கடிதங்களை ஏற்றுக்கொண்டது; அவருடைய வேலை வரலாற்றில் இருந்த இடைவெளிகளைப் பற்றித் துருவவில்லை. நேர்காணல் நடத்தும் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும் இதில் பயிற்சி தர வேண்டும் என்று பிச்சார்ட் பரிந்துரைத்தார். முந்தைய இடத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரிப்பதும், "இந்த எட்டு மாதம் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்பதும் அந்தப் பயிற்சியின் சாரம். கார்லைலிலும் சரி, கிரெட்னாவிலும் சரி, அந்தக் கேள்வியை மேலாளர்தான் கேட்க வேண்டும்; சான்றிதழும் உறுப்பினர் எண்ணும் அவருக்குத் துணை ஆகலாம், பதிலி ஆக முடியாது.